உரியவர் மட்டும் வாசிக்காத தொலைநகல்

கவனக்குறைவால் பிழை செய்தவனை உலகம் எளிதில் மன்னித்துவிடுகிறது. "பாவம், கவனிக்கேல்லைப் போல" என்ற ஒரு சொல்லோடு அவன் விவகாரம் முடிந்துவிடும். மிகுந்த கவனத்தோடு, விதிகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்துப் பிழை செய்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். என் வாழ்நாளின் ஆகப்பெரிய மடத்தனத்தை, அதற்கென்றே நடத்தப்பட்ட தேர்வில் முழுப் புள்ளியும் பெற்று, சான்றிதழும் வாங்கிய பின்னரே செய்தேன்.

சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த இடைக்காலம் அது. போர் முடிந்துவிட்டது என்று எவரும் நம்பவில்லை. ஆனால் பாதைகள் திறந்திருந்தன. திருகோணமலைக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கின. அவற்றுள் ஒன்று உட்துறைமுக வீதியில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. அங்கே நான் ஆளணி உதவியாளன். வேலைக்கு ஆட்களைத் தேடுவதும், விண்ணப்பங்களை அடுக்குவதும், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதும் என் பணிகள். வயது இருபத்தாறு. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றிருந்தேன். ஆகையால் அலுவலகத்தில் வேறு எவருக்கும் தமிழ் தெரியாது என்று உறுதியாக நம்பியிருந்தேன். (அங்கே இருந்த பதினொரு பேரும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.)

ஒருநாள் தலைமையகத்திலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தார். வெயிலில் சிவந்த முகமும் கையில் தடித்த கோப்புமாக வந்த வெள்ளைக்காரப் பெண்மணி. வேலை தேடுவோரைத் தொலைபேசி, தொலைநகல், மின்னஞ்சல் ஆகிய மின்வழிகளில் தொடர்புகொள்ளும்போது அவர்தம் அந்தரங்கத்தைச் சட்டப்படி காப்பது எப்படி என்பது பயிற்சியின் பொருள். அது அவருடைய நாட்டுச் சட்டம். நிறுவனம் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தச் சட்டமும் கூடவே போகும் என்றார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. 'அந்தரங்கம்' வடசொல்லாயிற்றே என்று ஒரு மாலை முழுவதும் வருந்தி, 'தன்மறைவுரிமை' என்றொரு சொல்லை ஆக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள்களில் அதை நாற்பது தடவையாவது உச்சரித்திருப்பேன். வந்திருந்தவர்கள் கடைசிவரை 'பிரைவசி' என்றே சொன்னார்கள்.

அந்தப் பயிற்சி என்னை எவ்வளவு வியப்பில் ஆழ்த்தியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒருவர் வேலை கேட்டு எழுதியிருக்கிறார் என்ற செய்தியே அவருடைய சொத்து. அவருடைய இசைவின்றி அதைப் பிறரிடம் சொல்வது குற்றம் என்றார் அந்த அம்மையார். நாங்கள் வாழ்ந்த ஊரிலோ, எந்த வீட்டில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்ற பட்டியல் இராணுவ முகாமில் இருந்தது. காலையில் மீன் வாங்கப் புறப்பட்டவன், பெயர், ஊர், போகுமிடம், போகும் காரணம் அனைத்தையும் இரண்டு இடங்களில் ஒப்புவித்த பின்னரே மீனைக் கண்டான். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, 'தேவையற்ற கேள்வியைக் கேட்காதே, தேவையற்ற விடையை வைத்திருக்காதே' என்று ஒரு சட்டம் உலகில் உண்டெனக் கேட்டபோது, எனக்குப் புதியதொரு கண்டத்தைக் கண்டதுபோல் இருந்தது. அந்த நாட்டில் மனிதர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று இரவெல்லாம் யோசித்தேன்.

எங்கள் நிருவாகப் பொறுப்பாளர் கிளாரா அக்காவுக்கு அத்தகைய வியப்பு ஏதுமில்லை. அவர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ், இஞ்ச கனபேரின்ர வீட்டில போன் இல்லை. சந்தியில இருக்கிற கொமினிகேசன் கடை நம்பரைத்தான் குடுப்பினம். கடைக்காரன் எடுத்தா என்ன சொல்லுறது?"

நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் மூன்றாந் தரப்பினர், அவரிடம் எதையும் வெளியிடலாகாது என்று விடை வந்தது.

"அப்ப என்னத்தைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுறது?"

பயிற்றுநர் அந்தக் கேள்வியைத் தம் குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். (அதற்கான விடை இன்றுவரை வந்து சேரவில்லை.)

இறுதியில் தேர்வு. முழுப் புள்ளி பெற்றவன் நான் ஒருவனே. மறுநாளே ஒரு தடித்த கறுப்புப் பேனாவை வாங்கிவந்து, அலுமாரியிலிருந்த விண்ணப்பங்கள் அனைத்தையும் எடுத்து, தேவையற்ற தனிப்பட்ட விவரங்கள் என்று எனக்குத் தோன்றியவற்றையெல்லாம் அழிக்கத் தொடங்கினேன். மதம், தகப்பன் தொழில், உயரம், 'வேறு குறிப்புகள்' என்ற பகுதியில் இருந்த யாவும் கறுப்பாயின. மாலையில் பார்த்தபோது விண்ணப்பங்கள் யாவும் மரண அறிவித்தல்போல் இருந்தன. எனக்கோ மனநிறைவு.

அந்த வாரம் சுகாதாரக் கள உத்தியோகத்தர் பதவி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு நடக்கவிருந்தது. ஊர்க் கிணறுகளைப் பார்வையிட்டு, குளோரின் இட்டு, மக்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை. கொழும்புக்குப் புறப்படுமுன் கிளாரா அக்கா ஐந்து பெயர்களை எழுதித் தந்தார். முதலாவது பெயரின் கீழே கோடு போட்டிருந்தது.

"இந்த மூதூர்ப் பிள்ளை ஜெசிந்தாவை விட்டிடாதையும். தன்ர பாட்டில வளவு வளவாப் போய்க் கிணறு பாத்து ஒரு கொப்பி முழுக்க எழுதி வச்சிருக்கிறா. வீட்டில இருக்கிற ஆக்கள் குவைத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்ப நிக்கினமாம், பாஸ்போட்டும் எடுத்தாச்சு. இந்த வேலை கிடைச்சா நிண்டிடுவா. வெள்ளி ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. புதன் பின்னேரம் ஆறு மணிக்கு நான் போன் எடுப்பன். வாறன் எண்டு சொல்லாத ஆளின்ர இடத்துக்கு அடுத்த ஆளைப் போடுவம். விளங்கிச்சோ?"

"விளங்கிற்று அக்கா. அவருடைய தன்மறைவுரிமையை..."

"அதை விட்டிட்டு ஆளைக் கூப்பிடும்."

மற்ற நால்வரும் நகரத்தவர்கள். சொந்தத் தொலைபேசி உடையவர்கள். ஒரு மணிநேரத்தில் அவர்கள் அலுவல் முடிந்தது. ஜெசிந்தாவின் விண்ணப்பத்தில் இருந்தது மூதூர்க் கடை ஒன்றின் தொலைபேசி எண். அதுவே தொலைநகல் எண்ணும். அதற்குக் கீழே ஒரு வரி முழுக்கக் கறுப்பு. அங்கே என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. அழித்தவற்றை நினைவில் வைத்திருப்பதும் விதிக்கு முரண் அல்லவா?

திங்கட்கிழமை காலை, நிறுவனத்தின் பெயர் பொறித்த தாளை ஒதுக்கிவிட்டு (பெயரைக் கண்டால் கடைக்காரர் செய்தியை ஊகித்துவிடுவார்), வெற்றுத்தாளில் என் கைப்பட எழுதினேன். அந்த மடலை முழுமையாகத் தருகிறேன். இன்று அதை நான் வாசித்தால் காது சூடாகிறது. அன்று அதை என் உரைநடையின் உச்சமென்று கருதினேன்.

"மதிப்பிற்குரிய செல்வி ஜெசிந்தா அவர்களுக்கு. தங்களை நான் அறிவேன். என்னைத் தாங்கள் அறியமாட்டீர்கள். தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவற்றை வாசித்து மகிழ்ந்தேன். தங்களோடு தொலைபேசியில் உரையாடத் தங்கள் இசைவை வேண்டுகிறேன். யான் யார் என்பதையும் என் நோக்கம் யாது என்பதையும் இசைவு கிடைத்த பின்னர்த் தங்களிடம் மட்டும் வெளிப்படுத்துவேன். என் தொடர்பைத் தாங்கள் விரும்பாவிடின் ஒரு சொல் போதும். எக்காலத்தும் தங்களைத் தொந்தரவு செய்யேன். புதன்கிழமைக்குள் விடை தருக. பிந்தினால் தங்கள் இடத்துக்கு வேறொருவரைத் தேட வேண்டியிருக்கும். குறிப்பு: இம்மடலை உரியவர் தவிர வேறெவரும் வாசித்தல் ஆகாது."

ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒவ்வொரு விதியோடு ஒப்புநோக்கினேன். இசைவு கேட்டாயிற்று. விலகும் வழி காட்டியாயிற்று. மூன்றாந் தரப்பினருக்கு எதுவும் வெளிப்படவில்லை. கீழே அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதி அனுப்பினேன்.

திங்கள் கழிந்தது. விடையில்லை. செவ்வாய் காலை தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் வானொலிச் சத்தமும் பலபேர் பேசும் ஓசையும் கேட்டன. கடைக்காரரான இஸ்மாயில் நானா எடுத்தார். (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள்.)

"வணக்கம். செல்வி ஜெசிந்தாவுடன் உரையாட வேண்டும்."

"ஆரு பேசுற?"

"மன்னிக்க வேண்டும், அதை அவரிடம் மட்டுமே சொல்லலாம்."

"எங்க இரிந்து?"

"அதையும் அவ்வாறே."

"சரி, என்ன விசயமா?"

"அதை அறவே சொல்ல இயலாது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீங்க ஆமிப் பக்கமா, மத்தப் பக்கமா?"

"இரண்டும் இல்லை ஐயா!"

"அப்ப லவ் விசயமா?"

பயிற்சியில் இதற்கும் ஒரு வாக்கியம் மனனம் செய்வித்திருந்தார்கள். என் வாய் தானாகவே திறந்தது. "அதுபற்றி எதையும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ எனக்கு அதிகாரம் இல்லை."

"அல்லாஹ்!" என்றார் நானா. பிறகு, தொலைபேசிக்கு அப்பால் இருந்த எவருக்கோ, "லவ்வுதான்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

நான் பதறிப்போய், தொலைநகல் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கிடைச்சிச்சே. முன்னுக்குத் தொங்குது."

"எங்கே தொங்குகிறது?"

"கயித்தில தம்பி. எங்கட கடைக்கு வாற பக்ஸெல்லாம் முன்னுக்குக் கயிறு கட்டிக் கிளிப்பு போட்டுத்தான் தொங்கவிடுற. போற வாற ஆக்கள் பாத்து, 'உனக்கு வந்திரிக்கி' எண்டு சொல்லிவிடுவாங்க. ஒங்கட எழுத்து நல்ல வடிவு எண்டு வாத்தியார் சொன்னவர். வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு அவர்தான் சத்தமா வாசிச்சும் காட்டினவர். ரெண்டு மூணு தரம்."

"உடனே அதைக் கழற்றிவிடுங்கள் ஐயா! உரியவர் தவிர வேறெவரும் வாசிக்கலாகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறதே!"

"ஓம், அதையும் வாசிச்சாங்க. ஆனா நான் எப்பிடித் தம்பி கழட்டுற? உரிய ஆள் வந்துதான் கழட்ட வேணும். அடுத்த ஆக்கள்ற கடிதத்தில கை வைக்கிற பழக்கம் எனக்கில்ல."

அந்தக் கணத்தில், தொலைபேசியின் இரு முனைகளிலும் கடுமையான நெறியாளர் இருவர் இருப்பதை உணர்ந்தேன். அவரோடு வாதிட எனக்கு ஒரு விதியும் கிடைக்கவில்லை. ஆகவே அரைமணி நேரம் யோசித்து, இரண்டாவது தொலைநகலை அனுப்பினேன்: "முன்னர் அனுப்பிய மடலை எவரும் வாசிக்க வேண்டா." (அதுவும் பக்கத்திலேயே தொங்கவிடப்பட்டது. அதுவரை முதலாவதை வாசியாதிருந்தோரும் அன்று வந்து வாசித்ததாகப் பின்னர் அறிந்தேன்.)

புதன் காலை அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. ஓர் ஆண்குரல். "இந்த நம்பரில இருந்தோ எங்கட ஜெசிந்தாவுக்குப் பக்ஸ் வந்தது?"

"தாங்கள் யார்?"

"அவளின்ர அண்ணன், அந்தோனி. நீர் ஆர்?"

சொல்லிவிடலாமே என்று நாக்கு முன்வந்தது. ஆனால் சுவரில் என் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. "மன்னிக்க வேண்டும். இதுபற்றி மூன்றாந் தரப்பினரோடு பேச இயலாது" என்றேன்.

மறுமுனையில் மூச்சு இரைந்தது. "டேய், அவளைத் தூக்கி வளத்தவன் நான். நான் மூண்டாம் ஆளோ? அப்ப நீ எத்தினையாம் ஆள்?"

தொடர்பு அறுந்தது. பயிற்றுநரின் தடித்த கோப்பில் இந்தக் கேள்விக்கும் விடை இருக்கவில்லை. எஞ்சியிருந்த வழி ஒன்றே: நேரில் போவது. ஆறு மணிக்குக் கிளாரா அக்கா தொலைபேசி எடுப்பார். அதற்குள் ஜெசிந்தாவைக் கண்டு, நேருக்கு நேர் நின்று, அவரிடம் மட்டும் சொல்லிவிட்டால் சட்டமும் பிழைக்கும், வேலையும் பிழைக்கும். நேரில் போவது மின்வழித் தொடர்பே அன்று என்பதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூதூருக்குக் கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து லோஞ்சில்தான் போக வேண்டும். (விசைப்படகு என்று எழுதவே விரும்புகிறேன், ஆனால் அப்படிக் கேட்டால் எவரும் பயணச்சீட்டுத் தரமாட்டார்கள்.) இறங்குதுறையில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"எங்க போறது?"

"மூதூருக்கு."

"என்ன வேலைக்கு?"

"அது தனிப்பட்ட..." என்று தொடங்கினேன். அவர் அட்டையிலிருந்து கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். என் பெயர், என் தகப்பன் பெயர், நிறுவனம், பதவி, ஜெசிந்தாவின் பெயர், அவர் விண்ணப்பித்த வேலை, வெள்ளிக்கிழமை ஒன்பது மணி, கிணறு, குளோரின் யாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். மூன்று நாளாக அண்ணனுக்கும் ஊருக்கும் மறைத்த செய்தியை முழுமையாகவும் சரியாகவும் பெற்றுக்கொண்ட முதல் மனிதர், அதனால் யாதொரு பயனுமில்லாத அந்தச் சிப்பாயே. அவர் தலையசைத்து, சிங்களமும் தமிழுமாக, "ஹரி, ஹரி, போ" (சரி, சரி, போ) என்றார்.

லோஞ்சில் இருந்தபோது வெட்கத்தைவிட வியப்பே மேலோங்கியது. அஞ்சியபோது உடனே வாய் திறந்தேன். அன்போடு கேட்டவர்களிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டேன்? அந்தச் சட்டம் செய்த நாட்டில் இந்த வரிசை வேறாக இருந்திருக்குமோ?

இஸ்மாயில் நானாவின் கடையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. அதன் முன்னால்தான் கூட்டம் நின்றது. வாசலுக்குக் குறுக்கே நீலக் கயிறு. அதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள். சவூதியிலிருந்து வந்த கடிதங்கள், ஒரு பரீட்சைப் பெறுபேறு, நடுவில் என் இரண்டு மடல்கள். காற்றுக்கு அவை அசைந்தன. நான் "வணக்கம்" என்றேன். அந்த ஒரு சொல்லில் நானா என்னை இனங்கண்டுகொண்டார்.

"இவர்தான்! கொரல் இதுதான்!" என்று உரத்துச் சொன்னார். "பாத்தா நல்ல புள்ளையாத்தான் இரிக்கி."

எங்கிருந்தோ அந்தோனி வந்தார். என்னிலும் இருமடங்கு அகலமான ஆள். மீன்பிடி வலை தைக்கும் ஊசி இன்னும் கையில் இருந்தது. என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னை மேலும் கீழும் பார்த்து, "வாரும் வீட்டை" என்றார். அடித்திருந்தாலும் அவ்வளவு அஞ்சியிருக்கமாட்டேன்.

வீட்டில் கதிரை போட்டு இருத்தினார்கள். தேநீர் வந்தது. ஜெசிந்தாவின் தாயார் குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தார். அயலவர் நால்வர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள்.

"தம்பி வேதமோ, சைவமோ?" என்று தாயார் கேட்டார். (எங்கள் பக்கத்தில் 'வேதம்' என்றால் கிறிஸ்தவம்.)

"சைவம் அம்மா. ஆனால்..."

"ம்ம்" என்று அவர் பெருமூச்சு விட்டார். "கோயிலில பங்குச் சுவாமியோட கதைச்சுப் பாக்கலாம்."

"அம்மா, நான் ஜெசிந்தாவிடம் மட்டும் ஒரு செய்தி சொல்ல வந்தனான்" என்று இடைமறித்தேன். அவசரத்தில் என் இலக்கணத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"அவள் இஞ்ச இல்லை" என்றார் அந்தோனி. "நேற்றுப் பின்னேரமே பாலையூற்றுக்கு, எங்கட சின்னம்மா வீட்டை அனுப்பிப்போட்டம். உம்மட பக்ஸ் விசயம் அவளுக்குத் தெரியாது. கடைப் பக்கம் போகவே விடேல்லை. ஊரில ஒருத்தரும் அவளுக்குச் சொல்லக்கூடாதெண்டும் சொல்லி வச்சனாங்கள்."

அந்தச் சொற்களின் முழுப் பொருளும் எனக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. உரியவர் மட்டுமே வாசிக்க வேண்டும் என்று நான் எழுதிய மடலை மூதூரில் வாசியாதவர் உரியவர் மட்டுமே. அவர் இருந்த பாலையூற்றோ, என் அலுவலகத்திலிருந்து சைக்கிளில் கால்மணி நேரத் தூரம். அவரைத் தேடி நான் கடலைக் கடந்திருந்தேன். என்னிடமிருந்து தப்புவிக்க அவரை அதே கடலால் என் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"இன்னொண்டும் கேளும்" என்றார் அந்தோனி. "குவைத் அலுவலை அடுத்த மாதம் பாப்பமெண்டுதான் இருந்தனாங்கள். உம்மாலதான் கெதியாக்கினது. ஞாயிறு ஏஜென்சிக்காரன் வந்து கூட்டிக்கொண்டு போறான்."

அங்கே என் சட்டம் முடிந்தது. சான்றிதழும் முடிந்தது. கதிரையிலிருந்து எழுந்து, வேலிக்கு அப்பால் நின்ற மூன்றாந் தரப்பினர் நால்வரும் கேட்கும்படி உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். நிறுவனத்தின் பெயர், பதவி, வெள்ளிக்கிழமை, ஆறு மணிக்கு வரவிருக்கும் தொலைபேசி, முதற்பெயரின் கீழே கிளாரா அக்கா போட்ட கோடு.

எவரும் நம்பவில்லை. அந்தோனி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேலை குடுக்கிறவன் வேலையை ஏனப்பா ஒளிக்கிறான்?"

ஒரு வெள்ளைக்கார அம்மையார் இரண்டு நாள் எடுத்து விளக்கிய காரணத்தை நான் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முயன்றேன். ஒருவருடைய விசயம் அவருடைய சொத்து; அவரைக் கேளாமல் பிறருக்குச் சொல்லலாகாது. அந்தோனி வலையூசியைச் சுழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சட்டம் நல்ல சட்டம்தான்" என்றார் ஈற்றில். "எங்களிட்ட கேள்வி கேக்கிற ஆக்களுக்கு அதைப் படிப்பிச்சிருக்கலாம். போயும் போயும் உமக்குப் படிப்பிச்சிருக்கினம்."

நிறுவனத்தின் அடையாள அட்டையைக் காட்டினேன். அதைத் தாயார் வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, "அப்ப கலியாணப் பேச்சு இல்லையோ?" என்றார். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்பதை என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

கடைசி லோஞ்சில் அந்தோனியும் என்னோடு வந்தார். (என் பேச்சை நம்பியதால் அன்று, நம்பாததால்.) பாலையூற்றில் அந்தச் சின்னம்மா வீட்டை அடைந்தபோது ஐந்தரை மணி. ஜெசிந்தா வளவுக் கிணற்றுக்குள் குனிந்து, கயிற்றில் கட்டிய வாளியை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இவர் உனக்கு ஒரு பக்ஸ் அனுப்பினவராம்" என்று தொடங்கிய அந்தோனி, மடலை முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை மனப்பாடமாக ஒப்புவித்தார். 'வாசித்தல் ஆகாது' உட்பட ஒரு சொல்லும் பிசகவில்லை. என் உரைநடை எவருக்கும் மனனமானது அதுவே முதலும் கடைசியும்.

ஜெசிந்தா வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது வேலைக்குக் கூப்பிட்ட கடிதமோ?"

"ஓம்."

"இதில எங்க வேலை இருக்கு?"

"தங்கள் தன்மறைவுரிமையைக் கருதி..."

"நான் போமில எழுதினனான் எல்லோ? நம்பருக்குக் கீழயே எழுதினனான். 'கடையில ஆர் எடுத்தாலும் முழு விசயத்தையும் சொல்லுங்கோ, நேர்முகத் தேர்வு எண்டு சொன்னாத்தான் வீட்டில விடுவினம்' எண்டு. நீங்கள் அதை வாசிக்கேல்லையோ?"

நம்பருக்குக் கீழே இருந்த கறுப்பு வரி என் கண்முன் வந்து நின்றது. இசைவு, இசைவு என்று கடல் கடந்து தேடிய பொருளை அவர் முதல் நாளே எழுத்தில் தந்திருந்தார். நானே அதை என் கையால் பூசி மெழுகியிருந்தேன்.

"இஞ்சை, மணி ஆறாகப் போகுது" என்றார் ஜெசிந்தா. "சைக்கிள் இருக்கு. போய் உங்கட அக்காட்ட நான் வாறன் எண்டு சொல்லுங்கோ. அவவிட்டயாவது சொல்லுவீங்களோ?"

சைக்கிள் மிதித்த மூச்சிரைப்போடு நான் அலுவலகப் படியேறியபோது தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வில் நானும் ஓர் ஓரத்தில் குறிப்பெடுக்க இருந்தேன். கிளாரா அக்கா விண்ணப்பத்தைப் புரட்டி, "இதென்ன பிள்ளை, இந்த வரி கறுப்பா இருக்கு?" என்றார். ஜெசிந்தா என்னைப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி, மறுபக்கம் திருப்பி, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அவர் பேனாவை அழுத்தி எழுதுபவர். எழுத்துகள் தாளின் பின்புறத்தில் இடவலம் மாறிப் புடைத்திருந்தன. கிளாரா அக்கா விரலால் தடவித் தடவி அந்த வரியை முழுமையாக வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரிந்த தமிழ் போதாது.

"சரி" என்றார், ஜெசிந்தாவின் பக்கம் திரும்பி. "ஒரு கிணத்துத் தண்ணி குடிக்கக்கூடாதெண்டு ஊர்ச்சனத்துக்குக் கெதியாத் தெரியப்படுத்த வேணும். என்ன செய்வீர்?"

"இஸ்மாயில் நானாவின்ர கயித்தில ஒரு கடுதாசி தொங்கவிடுவன் அக்கா. மேல, 'ஒருத்தரும் வாசிக்கக்கூடாது' எண்டு எழுதிவிடுவன்."

வேலை அவருக்கே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த முகவர் வெறுங்கையோடு திரும்பினார். அந்தக் கடவுச்சீட்டு ஒரு முத்திரையும் விழாமலே காலாவதியானதாக ஜெசிந்தா ஒருமுறை சொன்னார். அவர் பின்னாளில் எனக்கு மேலதிகாரியானார். புதிதாகச் சேர்வோருக்கான பயிற்சிகளில் இந்தக் கதையை என்னை வைத்துக்கொண்டே சொல்வார். விண்ணப்பப் படிவத்தையும் அவரே மாற்றி எழுதினார். 'உங்களுக்கு ஒரு செய்தி வந்தால் யாரிடம் சொல்லலாம்? யாரிடம் சொல்லக்கூடாது?' என்று இரண்டு கேள்விகள் அதில் புதிதாக இருந்தன. எவ்வளவு எளிது! அந்த நாட்டுச் சட்டத்தின் சாரம் முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டதைக் கண்டு நெடுநேரம் வியந்தேன்.

என் திருமண நாளில் கிளாரா அக்கா இந்தக் கதையை மணமகள் காதில் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கென ஒரு பதவி உண்டு. சென்ற மாதம் எங்கள் மூத்த மகள், தான் தாயாகப் போகும் செய்தியைத் தொலைபேசியில் தன் அம்மாவிடம் சொன்னாள். மருமகன் கப்பலில் வேலை. திரும்பிவர இன்னும் பத்து நாள். அதுவரை அவருக்குத் தெரியாமல் வைத்திருந்து, நேரிலேயே சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை.

"அப்ப ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ? அப்பாவுக்கும் வேண்டாமோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஐயோ அம்மா, அப்பாவுக்கு இப்பவே சொல்லிவிடுங்கோ" என்றாள் மகள். "உங்கட மருமகனுக்குப் போய்ச் சேராமல் இருக்கிறதுக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் வேற எங்க இருக்கு?"